வால் சக்கரம்

பயிற்சியாளர் ரோஹிணி ஓட்டி வந்த குட்டி விமானம் நல்லபடியாகத்தான் தரையிறங்கியது. ஓடுபாதையில் பாதி தூரம் வந்ததும் திடீரென்று இடப்பக்கம் வெட்டித் திரும்பி, புல்லுக்குள் போய் நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஆனால் கேளம்பாக்கம் தாண்டி இருந்த அந்தச் சின்னப் பயிற்சி கிளப்பில் அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கே ஓட்டத் தெரியலையே என்றார்கள். பொம்பளையை வேலைக்கு வைத்ததே தப்பு என்றார் ஒரு உறுப்பினர்.

தாம்பரத்திலிருந்து தினமும் பைக்கில் வரும் மெக்கானிக் ஷெர்வினும் டீக்கடையில் தன் பங்குக்குச் சொன்னான்.

"வண்டியில ஒண்ணும் இல்ல. பெடலை மிதிக்கிற பக்குவம் வேணும்ல."

பத்தொன்பது வருஷமாக அவன் கைபட்ட விமானத்தில் ஒரு குறை வந்ததில்லை. அந்தப் பெருமை பேச வைத்தது.

மறுநாள் வால் பக்கத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கினான். பெடலிலிருந்து வால் சக்கரத்தைத் திருப்பும் ஸ்பிரிங், சங்கிலி எல்லாம் சரியாகவே இருந்தன. டயரில் காற்றும் சரி. கையால் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தான். லேசாகத் திருப்பும்போதே 'டக்'கென்று பிடி விட்டுப்போய், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி தன் போக்கில் சுற்றியது.

கழட்டினான். சக்கரத்தைப் பெடலோடு சேர்த்துப் பிடித்து வைக்கிற சின்ன இரும்பு 'பின்' மழுங்கிப் போயிருந்தது. எந்த பைலட் மிதித்தாலும் விமானம் பேச்சு கேட்டிருக்காது.

போன மாசம் இதைக் கழட்டிப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். கழட்டவே இல்லை. இத்தனை வருஷம் வராதது இப்போதா வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டான்.

புது பின்னை மாட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். ஒருத்தருக்கும் தெரியாது. சனிக்கிழமை கமிட்டி கூடி ரோஹிணியை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

சனிக்கிழமை, கூப்பிடாமலே கமிட்டி அறைக்குள் போனான். செயலாளர் குப்புராஜும் உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக ரோஹிணி. தேய்ந்த பின்னை மேஜைமேல் வைத்தான்.

"தப்பு என்னுது சார். பார்க்காமலே பார்த்தேன்னு எழுதிட்டேன். மேடம் மேல ஒரு குத்தமும் இல்ல. அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

டீக்கடையில் பேசியதையும் மறைக்காமல் சொல்லி, ரோஹிணியிடம் மன்னிப்புக் கேட்டான்.

அவள் தன் வீட்டு ஆள் மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்ப்பவள் போல, தலை நிமிர்ந்து எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள்.

குப்புராஜ் பின்னைக் கையில் எடுத்து உருட்டினார்.

"மேடம் அன்னைக்கு இறங்கின உடனே சக்கரத்தைக் காலால தள்ளிப் பார்த்துட்டாங்க ஷெர்வின். கோளாறு உள்ளதான் இருக்கு, சரி பண்ற வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாதுன்னு என்கிட்ட சொல்லிட்டாங்க. 'நாலு நாள் பேச்சு என் மேலயே இருக்கட்டும் சார், ஷெர்வின் அண்ணா கழட்டிப் பார்த்தா அவரே வந்து சொல்லுவாரு'ன்னாங்க. நீ வந்து சொல்லுவேன்னு நான்தான் நம்பல."