கொடிமரத்தைத் தொட்டவள்

தேவகனி கொடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கையிலிருந்த மேடத்தின் பிள்ளையைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, வாரை மாட்டி, துணியை இழுத்துப் போர்த்திவிட்டு, அதற்கப்புறம்தான் பிடித்தாள். தப்பிக்க நினைக்கிறவள்கூட வீட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் தப்பிக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

சுற்றி நின்ற சுற்றுலாக்காரர்கள் கை தட்டினார்கள். காட்சியகத்தார் ஏற்பாடு செய்த நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தர் போனை உயர்த்திப் பிடித்து, அவளைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

நாடகமாவது மண்ணாங்கட்டியாவது!

அரபு நாட்டுக் கடலோரத்தில் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் இருந்த பங்களா அது. இப்போது காட்சியகம். லீவு நாள் என்று மேடம் சோஹாரிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையைத் தூக்க தேவகனி.

சுற்றிக் காட்டிய பெண் நஸீஹா, காயல்பட்டினத்துக்காரி. பிள்ளையைத் தேவகனி "அழாத மக்கா" என்று தட்டிக்கொடுத்ததைக் கேட்டதுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டத்துக்கு இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் தேவகனிக்கு மட்டும் தனியாகத் தமிழில் சொன்னாள்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்து விற்றார்களாம். இங்கிலீஷ்காரன் சுல்தானோடு ஒப்பந்தம் போட்டு அந்தக் கப்பல்களை நிறுத்தினானாம். அடிமையாக இருந்தவர்கள் எப்படியாவது ஓடிவந்து துரை வீட்டு முற்றத்துக் கொடிமரத்தைத் தொட்டுவிட்டால் போதுமாம், விடுதலை.

துரை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று தேவகனிக்குத் தெரியாதா என்ன? அவள் ஒன்றும் பைத்தியம் இல்லை.

ஆனால் அவள் பிறந்து வளர்ந்தது கடற்கரை ஊர். மாதா கோயில் திருவிழாவில் கொடியேறியதும் ஊரே போய்க் கொடிமரத்தைத் தொட்டு, உதட்டை வைத்து முத்தி செய்யும். அதைப் பிடித்துக்கொண்டு கேட்டது எதுவும் அவளுக்குக் கிடைக்காமல் போனதில்லை. கொடிமரம் என்ற ஒன்றைக் கண்டதும் கை தானாக நீண்டுவிட்டது. அதோடு, இத்தனை பேர் பார்க்க மேடம் தன்னைப் பிடித்து இழுக்க முடியாது என்றும் ஒரு கணக்கு.

"யல்லா, தேவா" என்று கிளம்பச் சொன்னாள் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு.

தேவகனி அசையவில்லை. நஸீஹா ஓடிவந்து என்னக்கா என்று கேட்டதும் எல்லாம் கொட்டிவிட்டது. மகள் சுபிஷாவுக்குத் தலைப்பிரசவம். இந்த மாதமே. பெற்றவளைத் தவிர அவளுக்கு ஒரு நாதியும் இல்லை. ரெண்டு வருசம் என்று சொல்லி வந்தது, இது நாலாவது. லீவு கேட்டால் பெருநாள் கழியட்டும் என்கிறார்கள்; பெருநாளும் வருகிறது, போகிறது. பாஸ்போர்ட் கஃபீல் அலமாரியில்; கஃபீல் என்றால் விசா கொடுத்த முதலாளி, மேடத்தின் புருஷன்.

"எம்பசிக்கு ஒரு போன் போடு தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

நஸீஹாவின் கண் கலங்கிவிட்டது. பொய்க் கலக்கம் இல்லை, நிஜமாகவே கலங்கியது. கையை எடுக்காதீங்கக்கா, நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் மேடத்தையும் உள்ளே கூப்பிட்டாள்.

ஆகா, எம்பசியிலிருந்து மேடத்திடம் பேசுகிறார்கள் போல என்று தேவகனி பூரித்துப்போனாள். வாயாடி மேடம் இன்றைக்குப் பதில் சொல்ல முடியாமல் முழிக்கட்டும். நாலு வருசத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெயிலில் கன்னம் சுட்டது, அதுகூடத் தெரியவில்லை. சுபிஷாவுக்குப் பேறுகாலத்துக் காயமருந்து இடிக்கச் சாமான் எங்கே வாங்குவது என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நஸீஹா சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள்.

"எல்லாம் பேசி முடிச்சுட்டேங்க்கா. உங்க கஃபீலுக்கும் போன் போட்டேன். இனிமே சத்தம் போட மாட்டோம், நல்லா வச்சுக்கிடுவோம்னு ரெண்டு பேரும் எனக்கு வாக்குக் குடுத்திருக்காங்க. பிள்ளை பொறந்ததும் வீடியோல காட்டச் சொல்றாங்க, நீங்க இங்க இருந்தே பாத்துக்கலாமாம்."

தேவகனி கொடிமரத்தை விடாமல் கேட்டாள்.

"எம்பசி?"

"அது எதுக்குக்கா? கேஸு, கீஸுன்னு இழுக்கும். அவங்களுக்கும் மனசு கஷ்டம், எங்களுக்கும் பேரு கெட்டுப்போகும்."

"இதத் தொட்டா விடுதலைன்னு நீதான தாயி சொன்ன?"

நஸீஹா கொஞ்சம் கூச்சப்பட்டாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒப்பந்தம் கடல்ல வர்ற கப்பலுக்குத்தாங்க்கா, வீட்டுல இருக்கிற அடிமைக்கு இல்ல. முதலாளி வந்து இனி அடிக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்தா, துரையே சில பேரை அந்த முதலாளியோட திருப்பி அனுப்பி வச்சுருக்காரு. அதைச் சொன்னா ஆளுங்க கை தட்ட மாட்டாங்க, அதான் டூர்ல நாங்க சொல்றதில்ல."

அடப்பாவி மகளே!

மேடம் காரைத் திறந்து ஏசியைப் போட்டு, பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை யல்லா சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறாளே.

தேவகனியின் விரல்களை நஸீஹாவே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள், வலிக்காமல், வெகு பதனமாக. தோளில் கை போட்டுக் கார் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள்.

"போய்ட்டு வாங்கக்கா" என்றாள். சொந்தத் தங்கச்சி மாதிரியே சொன்னாள், சண்டாளி.