மூன்றாவது ஓலை

மணப்பெண் பெயரையும் மணமகன் பெயரையும் கல்யாண ஓலையில் மூன்றாவது ஞாயிறாக வாசித்து முடித்த ஃபாதர், என்றைக்கும் இல்லாமல் கொஞ்சம் நிறுத்தினார்.

‘இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்’ என்ற வரியை எங்கள் ஆம்பூர் கோயிலில் யாரும் காதில் வாங்கியதே இல்லை. பெண்கள் அந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிடுவார்கள். ஆண்கள், எந்தக் கறிக்கடையில் கூட்டம் கம்மி என்று யோசிப்பார்கள்.

அன்றைக்குக் கோயிலே திரும்பிச் சவுரியம்மாளைப் பார்த்தது.

சவுரியம்மாள் பெண்ணைப் பெற்றவள். பெண் பெல்சியா, ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. மாப்பிள்ளை ஜான்சன், அதே கம்பெனியின் தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசர். கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டும் பின் சீட்டுமாக உட்கார்ந்து மூன்று வருஷம் காதலித்தார்கள். டிரைவருக்கு முதலில் தெரிந்தது, சவுரியம்மாளுக்குக் கடைசியில் தெரிந்தது.

குடிக்காத பையன் என்ற ஒரே காரணத்துக்காக அவள் சரி என்றாள். அவள் புருஷனைக் குடிதான் கொண்டுபோயிருந்தது.

முதல் ஓலை வாசித்த மறுநாள் இத்தாலியிலிருந்து செய்தி வந்தது. தோல் மெஷின் பழகப் போய் அங்கேயே தங்கிவிட்ட ஜான்சனின் பெரியப்பா, பிள்ளை குட்டி இல்லாமல் இறந்துபோனார். தன் திராட்சைத் தோட்டத்தையும் அதிலிருந்த ஒயின் ஆலையையும் ஜான்சன் பெயருக்கு எழுதிவைத்திருந்தார்.

ஆலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். போனில் வந்த போட்டோவை நானும் பார்த்தேன். பாதிக் கூரை இல்லை. பழம் பிழிகிற மெஷின் துருப்பிடித்துக் கிடந்தது. ஒயின் ஊற வைக்கிற பீப்பாயில் கோழி அடைகாத்தது. தோட்டத்தில் திராட்சையைத் தவிர மற்ற எல்லாம் நன்றாக முளைத்திருந்தது.

இந்த லட்சணத்தில் இருந்த தோட்டம், செய்தி பஜாரைத் தாண்டுவதற்குள் சாராய ஃபாக்டரி ஆகிவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது.

சவுரியம்மாள் சண்டை போடவில்லை. ஜான்சன் அந்தத் தோட்டத்தை வைத்துக்கொள்வதாக இருந்தால், மூன்றாவது ஓலையில் எழுந்து நின்று தடை சொல்வேன் என்றாள்.

தோட்டமா பெண்ணா என்று கேட்டால் ஒரு காதலன் என்ன சொல்ல வேண்டுமோ அதை ஜான்சன் சொன்னான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து, எனக்குத் தோட்டம் வேண்டாம் என்று இத்தாலிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றான். சவுரியம்மாள் அவனுக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்தாள். ஊரே அவனை மெச்சியது. பெல்சியா ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதுமே பேசுகிற பெண் இல்லை என்பதால் அது யாருக்கும் உறைக்கவில்லை.

பிரச்சினை தீர்ந்தது தெரிந்தும், வேடிக்கையை விட எங்களுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் திரும்பிப் பார்த்தோம்.

சவுரியம்மாள் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஃபாதருக்கு மூச்சு வந்தது. அடுத்த ஜோடியின் ஓலையைக் கையில் எடுத்தார்.

பெண்கள் பக்கம் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றவள் பெல்சியா.

"தடை இருக்கு ஃபாதர். எங்கம்மா வேணாம்னாங்க, இவரு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. எனக்கு அந்தத் தோட்டம் வேணுமான்னு ஒருத்தரும் கேக்கல."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் உட்காரவில்லை. அந்த ஆலைக்கு எந்த மூலையிலிருந்து கூரை போட ஆரம்பிப்பது என்பது வரை அவள் யோசித்து வைத்திருந்தாள். இரண்டு வாரமாக பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு அவள் கேட்டது பாட்டு என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் இத்தாலி பாஷை படித்துக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் பக்கம் ஜான்சன் எழுந்தான். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"நான் இன்னும் எழுதிக் குடுக்கல, பெல்சி."

அந்தப் போட்டோவை அவள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததை அவன் பார்த்திருந்தான். அதற்கப்புறம் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். மாமியாரிடம் சொன்ன பொய்யைப் பூசை நடுவில், இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்ட மாப்பிள்ளை எனக்குத் தெரிந்து அவன் ஒருத்தன்தான்.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

சவுரியம்மாள் எழுந்துவிட்டாள்.

பெல்சியா கண்ணை மூடிக்கொண்டாள். ஜான்சன் பெஞ்சை விடவில்லை. ஃபாதர் கையிலிருந்த தாள் அப்படியே நின்றது.

சவுரியம்மாள் ஜான்சனைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள், ரொம்ப நேரம். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பீடத்தின் பக்கம் திரும்பினாள்.

"இவ அப்பா போனதுலேர்ந்து இவ எங்கிட்ட ஒண்ணுமே வேணும்னு கேட்டதில்ல. இன்னிக்குத்தான் கேக்குறா. நீங்க அடுத்த ஓலையப் படிங்க ஃபாதர்."