சொன்ன இடத்தில் திறக்கும் மருந்து

பச்சைப் பொத்தானை அமுக்கும் பாக்கியம் கல்லூரித் தாளாளர் சிவனணைந்தபெருமாளுக்கே என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள்.

ஐந்து வருடம் ஆய்வகத்தில் கிடந்த விஜிலாவின் பெயர், அதாவது என் பெயர், அழைப்பிதழில் இல்லை. மேடையில் ஓரமாக நிற்க இடம் கொடுத்தார்கள். பெரிய மனசு.

மேசைமேல் ஒரு கண்ணாடிக் குடுவை. அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். தண்ணீருக்கு அடியில் ஜவ்வரிசி போலக் கிடப்பவை என் குளிகைகள்.

ஒவ்வொன்றுக்குள்ளும் இரும்புத் துகளும் சிவப்புச் சாயமும் இருக்கின்றன. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் உண்டாகும், இரும்பு சூடாகும், சூடு தாங்காத பாலிமர் தோல் சுருங்கிச் சாயத்தைப் பிழிந்து வெளியே தள்ளும். இன்று சாயம், என்றாவது புற்றுநோய் மருந்து. காந்தம் காட்டாத இடத்தில் ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது.

என் அப்பா அம்புரோஸ் கடலில் சங்கு குளித்தவர். அவருக்குக் கட்டி இருந்தது தொடையில்.

ஊசியில் போன மருந்து முடி, நாக்கு, நகம் என்று எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் தொடைக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் அப்பா போய்விட்டார். அந்தக் கோபத்தில்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன்.

முன்வரிசையில் சென்னையிலிருந்து வந்த நிபுணர் இருந்தார். அவர் தலையாட்டினால் திட்டம் தொடரும். ஆட்டாவிட்டால் அன்றைக்கே ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். வந்ததிலிருந்து அவர் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய நிபுணர்.

எங்கள் ஊரில் ஞானஸ்நானமோ கல்யாணமோ, வீடியோ லைட் அடிக்காவிட்டால் விசேஷம் நடந்ததாகவே கணக்கில்லை. அறிவியலுக்கு மட்டும் விதிவிலக்கா? கல்யாண வீடியோ எடுக்கும் ரெக்சனை வரவழைத்திருந்தார்கள். சிவப்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்று அவன் விளக்கைக் குடுவைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினான். தூத்துக்குடியில் மே மாதம். மைக்கில் இரையும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள்.

தாளாளர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி பொத்தானை அமுக்கினார்.

தண்ணீரில் ஒரு சிவப்பு இழை எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு குடுவை முழுக்கச் சிவந்தது.

கைதட்டல் கூரையைத் தொட்டது. நானும் தட்டினேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் இயந்திரத்தின் பிளக் கழன்று கிடந்தது.

காந்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரெக்சனின் விளக்குச் சூட்டில் குளிகைகள் தாமாகவே வாயைத் திறந்திருந்தன.

பேசாமல் இருந்தால் திட்டம் பிழைக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இந்த நாட்டில் நான் தொடங்கி வைக்கும் பழக்கமும் அல்ல. ஆனால் அப்பாவின் நகங்கள் கறுத்துப்போனது ஞாபகம் வந்தது. மைக்கைப் பிடித்தேன்.

"ஐயா, மெஷினுக்குப் பிளக்கே மாட்டல. லைட்டு சூட்டுல தானா தொறந்துட்டு. மறுபடி ஒருக்கா செஞ்சு காட்டுதேன்."

தாளாளர் என்னையும் குடுவையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"கேட்டீகளா? கரண்டே இல்லாம வேலை செய்யுது! எங்க பிள்ள எப்படி கண்டுபிடிச்சிருக்கா பாத்தீகளா!"

முதலில் எழுந்து கைதட்டியவர் சென்னை நிபுணர்தான். மண்டபமே அவரோடு எழுந்தது. அங்கேயே மைக்கை வாங்கி, மின்சாரம் தேவைப்படாத மருந்து என்று புதுத் தலைப்பிட்டு, மூன்று வருடத்துக்கு அனுமதியும் அறிவித்துவிட்டார். என் தோளில் பொன்னாடை விழுந்தது.

ஆக, எங்கே போனாலும் திறந்துகொள்ளும் மருந்து ஒன்றை நான் மூன்று வருடம் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். அப்பாவுக்குப் போட்டார்களே, அதே மருந்தை.

கூட்டம் கலைந்ததும் நிபுணர் மேடைக்கு ஏறிவந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தார். என் பிளக் இருக்க வேண்டிய இடத்திலிருந்து தன் செல்போன் சார்ஜரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.