இயந்திரத்தின் சம்மதம்

பாலைவனத்து ஒட்டக ராஜா எதை முடிவு செய்வதானாலும் எண்ணெய்க் கிணற்று இயந்திரத்திடம்தான் கேட்பார். பூமிக்குள்ளிருந்து எண்ணெயை இறைக்க, அது நாள் முழுக்கத் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும்.

“கோதுமையைக் கப்பலில் வரவழைத்துக்கொள்ளலாம். வயல் எதற்கு, விட்டுவிடலாமா?” என்று ஒருமுறை கேட்டார். அது தலையாட்டியது. வயல்களில் மணல் ஏறியது.

“குடிமக்கள் வரி கட்ட வேண்டாம். அவர்களும் என்னை எதுவும் கேட்க வேண்டாம். சரிதானே?” அதற்கும் தலையாட்டியது.

இந்த வருஷம் எண்ணெய் விலை பாதியாக விழுந்தது. கோதுமைக் கப்பல்கள் வருவது நின்றுபோனது. தானியக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் கழுதை மூச்சிரைக்க ஓடி வந்தது.

“மகாராஜா, மூன்று நாளைக்குத்தான் தானியம் இருக்கிறது. இந்தக் கிணற்று வேலிக்கு வெளியே குடிமக்கள் கூட்டம் சேர்ந்து கூச்சல் போடுகிறது.”

ராஜா இயந்திரத்தைப் பார்த்தார். “விலை மறுபடி ஏறிவிடும், இல்லையா?”

தலையாட்டியது.

“பார்த்தாயா?” என்றார் கழுதையிடம்.

கழுதை தயங்கித் தயங்கி இயந்திரத்தின் முன்னால் போய் நின்றது. “நாங்கள் எல்லோரும் பட்டினி கிடக்கப் போகிறோமா?”

அதே வேகத்தில் தலையாட்டியது.

ராஜா கழுதையை ஒதுக்கித் தள்ளினார். “இன்றுமுதல் இதனிடம் கேள்வி கேட்கும் உரிமை எனக்கு மட்டும்தான். சரிதானே?”

இயந்திரம் தலை குனிந்தது. அதன்பின் நிமிரவில்லை. அதைப் பார்த்து வேலிக்கு வெளியே கூட்டத்தின் இரைச்சலும் அடங்கியது.

“நிமிர்ந்துவிடுவாய்தானே?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார் ராஜா.