பல் தடம்

லைட்டரைப் பற்றவைத்து, புகைபிடிக்கிற பைப்பில் வாய் வைக்கிற முனைக்கு நேரே காட்டினேன். கடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சுபலட்சுமி இப்போதுதான் போன் செய்திருந்தாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வருகிறாளாம். சிக்கந்தர்சாவடி தாண்டிவிட்டார்களாம். அங்கிருந்து கூடல்நகரில் இருக்கும் என் பட்டறைக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது.

போனை வைக்கும்முன் ஒன்று சொன்னாள்.

"அண்ணே, அந்தப் பல் தடத்த மட்டும் தொட்டுறாதீங்க. அம்மா அதத் தடவிக்கிட்டுத்தான் தூங்குது."

இதை மூன்று நாளுக்கு முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அவள் அப்பா காசிமாயன் சாரின் பைப் அது. அவர் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. சர்க்கரையில் பார்வை போன அவர் மனைவி, கை தவறிக் கீழே போட்டதில் பைப்பின் கழுத்தில் விரிசல். ஒரு பித்தளைப் பூண் போட்டு இறுக்கினால் போதும் என்றுதான் சுபலட்சுமி கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் பூணோடு நின்றேனா?

இருபது வருஷமாக மரத்தில் பைப் கடைகிறவன் நான். ஒரு கீறலோடு என் பட்டறையிலிருந்து எதுவும் வெளியே போகாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன். பைப்பில் வாய் வைக்கிற முனை மட்டும் மரமில்லை, கெட்டியான கறுப்பு ரப்பர். கடித்த பள்ளம் இருந்தால் லேசாக நெருப்புக் காட்டினால் போதும், தானாக எழும்பி மட்டமாகிவிடும். எழுப்பினேன். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்தேன்.

முப்பது வருஷமாக ஒரு மனுஷன் கடித்த கடி, ஐந்து நிமிஷத்தில் போயே போய்விட்டது. அது எப்படி இருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

அந்தம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். பைப் எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்.

காசிமாயன் சார்தான் என் முதல் வாடிக்கை. சோழவந்தான் பக்கமெல்லாம் கால்வாய் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருதரம் அலங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருவார். நான் கடைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதிகம் பேச மாட்டார். சாப்பிட்டாயா என்று கேட்பார், அவ்வளவுதான். பெரிய மீசை. அதற்குக் கீழே எந்நேரமும் அந்தப் பழைய பைப். பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

என்னிடம் பதினொரு பைப் வாங்கினார். ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. எல்லாம் பீரோவில் புதுசாகவே கிடப்பதாக சுபலட்சுமி சொன்னாள். கிறுக்கு மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அவர் வந்தால் எனக்குப் பிடிக்கும். வாசல் போர்டில் சோ. பாண்டிராஜ் என்று எழுதியிருக்கும். சோலையம்மாள், என் அம்மா. சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி என்னை ஒற்றை ஆளாக வளர்த்தவள். வருகிறவன் போகிறவன் எல்லாம் அப்பா பேரைக் கேட்டுக் குடைவான். சார் ஒருநாளும் கேட்டதில்லை.

ரப்பர் இளகிவிட்டது. பைப்பை இடது பக்கமாகத்தான் கடித்திருப்பார், அதுமட்டும் ஞாபகம் இருந்தது. வாயில் வைத்துக் கடித்தேன். உதடு பொசுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. விடாமல் இன்னும் அழுத்தினேன்.

தண்ணீரில் முக்கி எடுத்துப் பார்த்தேன். தொலைந்தது. என் இடப்பக்க மேல்பல் ஒன்று குறுக்கே திரும்பி நிற்கும். சிரித்தால்கூடக் கையால் மறைத்துக்கொள்வேன். அந்தக் கோணல் அச்சாக அப்படியே விழுந்திருந்தது.

இதை எழுப்பிவிட்டு இன்னொரு பக்கமாகக் கடிக்கலாம் என்று லைட்டரை எடுத்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது.

சுபலட்சுமி அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அந்தம்மாவின் இரண்டு கையும் முன்னால் நீண்டு பைப்பைத் தேட ஆரம்பித்துவிட்டன.

கொடுத்துவிட்டேன்.

பூணைத் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கட்டைவிரல் மெல்ல நகர்ந்து முனைக்குப் போனது. கோணல் இருந்த இடத்தில் நின்றது. திரும்ப ஒருதரம் தடவியது. நகத்தால் நெருடிப் பார்த்தது.

"அவுக பல்லுதான்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விரலை மட்டும் அவர் எடுக்கவில்லை.

"பள்ளந்தான் புதுசா இருக்கு."

சுபலட்சுமி ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பொசுங்கிப்போன என் உதட்டைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் என் கை வாயை மறைத்தது.

அந்தம்மா பைப்பை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை என் பக்கம் திருப்பினார். கோபமாகக் கேட்கவில்லை. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பதுபோல்தான் கேட்டார்.

"ஒங்கம்மாவுக்குச் சோழவந்தானா, தம்பி?"