காகிதத் தொட்டி

வசந்தம் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. கிழட்டு லாரிக்காரரின் மனைவி ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளைப் பாட்டிலில் சுற்றி, அடியை மடித்து, பாட்டிலை உருவி, விதை போடச் சின்னச் சின்னத் தொட்டிகள் செய்கிறாள். பக்கத்து வீட்டுத் தையல்காரன் நேற்றுச் சொல்லிக்கொடுத்த வித்தை. லாரிக்காரர் அவளுக்கென்று வாங்கிவந்த பிளாஸ்டிக் தொட்டிகள் மூலையில் கவிழ்ந்து கிடக்கின்றன. வயிற்றெரிச்சல் தாங்காமல் அவரும் ஒன்றைச் சுற்றுகிறார்; மண்ணைப் போட்டதும் அடி பிளந்து மடியெல்லாம் மண். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அந்தாளு எப்படிடீ சொல்லிக்குடுத்தான்? கையைப் புடிச்சா?" என்கிறார். "ஆமா, இந்த வயசுல என் கையைப் புடிக்க வரிசையில நிக்கிறாங்க!" என்று அவள் அவர் கையை இழுத்துப் பாட்டில்மேல் வைத்து அழுத்துகிறாள். "இப்படித்தான், மெதுவா சுத்துங்க." அவள் உள்ளங்கை கதகதவென்று இருக்கிறது. ஆனால் அவர் கேட்டதற்கு 'இல்லை' என்ற ஒரு சொல் மட்டும் அவள் வாயிலிருந்து இன்னும் வரவில்லை.