மோட்டார் கொட்டாயில் பெண் குரல்

"அக்கா, சொன்னா தப்பா எடுத்துக்காத. உங்க வூட்டுக்காரரு மோட்டார் கொட்டாயில தெனம் எவளோடயோ போன்ல பேசிக்கினு கிறாரு. பொம்பள கொரல் கேக்குது."

பக்கத்துக் கொல்லை இருசம்மாள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பச்சையம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். அறுபத்திரண்டு வயதில் இந்த மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா?

நேரே கிணற்றடிக் கொட்டாய்க்குப் போனாள். உள்ளே நிஜமாகவே ஒரு பெண் குரல். கணவர் தெய்வசிகாமணி பள்ளிக்கூடப் பிள்ளை போலத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல் தெம்ப்ளோ... எல் மெர்காதோ..."

"யாருங்க அது?"

அவர் போனைத் துண்டுக்குள் மறைத்தார்.

"யாருமில்ல. ஸ்பெயின் பாஷை. போனே சொல்லிக் குடுக்குது."

"எதுக்கு?"

அவர் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"அஜித்குமாரு அடுத்த வாரம் அந்தப் பொண்ண கூட்டிக்கினு வர்றானாம். கள்ளக்குறிச்சி லாட்ஜுல தங்குவாங்களாம். அவன் கூட்டாளி மாயவன் சொன்னான்."

ஸ்பெயினுக்கு வேலைக்குப் போன மகன் அஜித்குமார், அங்கேயே எலேனாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவர்களோடு பேசக் கூடாது என்பது இவர் போட்ட சட்டம்.

"பஸ் ஸ்டாண்டுல போய் நிக்கலாம்னு பாக்கறேன். கோயிலு, மார்க்கெட்டுனு நாலு எடத்தக் கைகாட்டிப் பேரு சொல்லலாம். வேற இன்னா பேசறதுன்னு எனக்குத் தெரியல."

பச்சையம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அதுலயும் ரோதனை. கோயிலு ஆம்பளையாம், 'எல்' போடணும். மருந்துக்கடை பொம்பளையாம், 'லா' போடணும். லா ஃபர்மாசியா."

"ஃபர்மாத்தியா."

"இன்னா?"

"ஃபர்மாத்தியாங்க. அவ அப்படித்தான் சொல்லுவா."

"எவ?"

"உங்க மருமவதான். எட்டு மாசமா, நீங்க இங்க கெளம்பி வந்ததும் தெனம் வீடியோல வருவா. நா அவளுக்குத் தமிழு சொல்லுவேன், அவ எனக்கு இது சொல்லுவா."

தெய்வசிகாமணி எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார்.

"அவங்ககிட்ட யாரும் பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போனை எடுத்தார், வைத்தார். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"வூட்டுக்கு அந்த பாஷையில இன்னா சொல்லணும்?"

"அத நீங்க கத்துக்க வாணாம். 'இது உன் வூடு'னு நா எப்பவோ சொல்லிட்டேன்."